நாள் தள்ளிப்போனதும் காலண்டரை எடுங்கள்: கர்ப்பச் சிக்கல்களை முன்கூட்டியே அறிய ஒரு வழிகாட்டி

என் அக்காவின் தலைச்சன் கர்ப்பத்தில் முதலில் எச்சரித்தது அவள் விரலில் இருந்த மோதிரம். அப்போது ஏழாம் மாதம். கல்யாண மோதிரம் விரலை விட்டு வர மறுத்தது. சோப்பு நுரை தடவிப் பார்த்தார்கள், நூல் சுற்றி இழுத்துப் பார்த்தார்கள். "உப்புநீர்தான், தலைச்சனுக்கு அப்படித்தான் இருக்கும், உப்பைக் குறைத்துச் சாப்பிடு" என்றார் பெரியம்மா. நான்கு நாள் கழித்துத் தலைவலி தாங்காமல் மருத்துவமனைக்கு ஓடியபோது ரத்த அழுத்தம் 170/110. 31 ஆவது வாரத்திலேயே அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. குழந்தையின் எடை 1,300 கிராம். மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் அக்காவின் மருத்துவக் கோப்பைப் பிறகு ஒருநாள் புரட்டியபோது கண்ணில் பட்டது இன்னும் என்னை உறுத்துகிறது. முதல் மூன்று மாதத்தில் ஒருமுறைகூட அவளுக்கு ரத்த அழுத்தம் பார்க்கவில்லை. "மூன்று மாதம் முடியட்டும், அதுவரை வெளியே தெரிய வேண்டாம்" என்று வீட்டில் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். வரப்போவதைக் கணித்திருக்கக்கூடிய நாட்கள் அந்தக் காத்திருப்பிலேயே கழிந்துபோயின.

ஊருக்குச் சொல்ல மூன்று மாதம் காத்திருங்கள், தவறே இல்லை. டாக்டரிடம் சொல்லக் காத்திருக்காதீர்கள். முதன்முறை கருவுற்றிருப்பவர்களுக்காகவும், அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் கணவர், தாய், மாமியார்களுக்காகவும் அடுத்துச் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் மூன்று மாதத்தில் அப்படி என்ன நடக்கிறது?

கரு ஒட்டிய நாளிலிருந்து நஞ்சுக்கொடி தாயின் கர்ப்பப்பைச் சுவரில் வேர்விடத் தொடங்குகிறது. அங்கே இருக்கும் ரத்தக்குழாய்கள் மெல்லியவை, சுருள் சுருளானவை. நஞ்சுக்கொடியின் செல்கள் அவற்றுக்குள் புகுந்து, சுவரைத் தளர்த்தி, அகலமாக்குகின்றன. கடைமடை வரை தண்ணீர் போக வாய்க்காலைத் தூர்வாரி வெட்டிவிடுவது போன்ற வேலை அது. 16 முதல் 20 வாரத்துக்குள் இந்த வேலை ஏறத்தாழ முடிந்துவிடும். சரியாக நடக்காவிட்டால், பிந்திய மாதங்களில் குழந்தைக்கு ரத்தம் போதாமல் எடை ஏறாது. நஞ்சுக்கொடி திணறும்போது அதிலிருந்து தாயின் ரத்தத்தில் கலக்கும் பொருட்கள் அவள் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். மருத்துவர்கள் இதை ப்ரீ-எக்லாம்ப்சியா என்பார்கள். பாட்டிமார்கள் "பிரசவ ஜன்னி" என்று அஞ்சிய வலிப்பு இதன் முற்றிய நிலை.

ஏழாம் மாதத்தில் வீங்கும் விரலுக்கான காரணம் மூன்றாம் மாதத்திலேயே உருவாகிவிடுகிறது என்பதுதான் இதன் பொருள். தொடக்கத்தில் சில முறை, கடைசி மாதங்களில் அடிக்கடி என்னும் பழைய பரிசோதனை அட்டவணை 1929 இல் பிரிட்டனில் வகுக்கப்பட்டது. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனைப் பேராசிரியர் கைப்ரோஸ் நிக்கொலைடிஸ் 2011 இல் அதைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னார். 11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு விரிவான பரிசோதனை செய்து, யாருக்கு என்ன அபாயம் என்று கணித்துவிட்டு, அதற்கேற்ப மீதிக் கர்ப்பத்தைக் கவனிப்பது அவருடைய திட்டம். உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோவும் 2019 இல், கருவுற்ற எல்லாப் பெண்களுக்கும் முதல் மூன்று மாதத்திலேயே ரத்த அழுத்த அபாயத்தைக் கணிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

முதல் வேலை: நாளை எண்ணுவது

மருத்துவர்கள் கர்ப்பத்தைக் கணக்கிடுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. உறவு கொண்ட நாளிலிருந்தோ, நாள் தள்ளிப்போன தேதியிலிருந்தோ அல்ல. அந்த முதல் நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அதிலிருந்து 77 நாள் கழிந்தால் 11 வாரம். 97 நாள் கழிந்தால் 13 வாரம் 6 நாள். இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் முதல் பெரிய ஸ்கேன் எடுக்க வேண்டும்.

ஜூன் 1 அன்று மாதவிலக்கு தொடங்கியிருந்தால், ஆகஸ்ட் 17 முதல் செப்டம்பர் 6 வரை உங்கள் நாட்கள். பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு நாளைப் பிடித்து முன்பதிவு செய்யுங்கள். கடைசி நாளுக்குத் தள்ளிவைத்தால், குழந்தை வசமாகப் படுக்கவில்லை என்று மறுநாள் வரச் சொன்னால் சிக்கிக்கொள்வீர்கள்.

மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்கள், தேதி நினைவில்லாதவர்கள் ஏழு, எட்டு வாரம் இருக்கும்போதே ஒரு ஸ்கேன் எடுத்து நாளை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். நாள் தப்பாக இருந்தால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் தப்பாகும்.

பதிவும் முதல் சந்திப்பும்

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கிராம சுகாதார செவிலியரிடமோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்குங்கள். தனியார் மருத்துவமனைக்குத்தான் போகப் போகிறோம் என்றாலும் இது வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அதுதான் அடிப்படை. 12 வாரத்துக்குள் பதிவதே நல்லது.

முதல் சந்திப்புக்குப் போகும் முன் ஒரு தாளில் சில விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். அங்கே போனால் பாதி மறந்துபோகும். அம்மாவுக்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறியதா? வீட்டில் யாருக்குச் சர்க்கரை? இதற்கு முன் கரு கலைந்திருக்கிறதா, எத்தனையாவது மாதத்தில்? குறைமாதப் பிரசவம் ஆகியிருக்கிறதா? உங்களுக்குத் தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, லூபஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோய் இருக்கிறதா? செயற்கைக் கருத்தரிப்பா? மாமன் மகன், அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் திருமணமா? கடைசிக் கேள்விக்குக் கூச்சப்பட வேண்டாம். சில பரம்பரை நோய்களைப் பற்றிய ஆலோசனை வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்ய அது உதவும்.

அம்மாவிடம் இதைக் கேட்பது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்கு எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான், எங்கள் அம்மாவுக்கும் கடைசி மாதத்தில் பி.பி. ஏறி மருத்துவமனையில் படுத்திருந்த கதை வெளியே வந்தது. "அதையெல்லாம் எதற்கு அபசகுனமாகச் சொல்ல வேண்டும்" என்று விட்டுவிட்டாராம். அந்த ஒரு வரி, எந்த இயந்திரமும் இல்லாமல் அக்காவின் அபாயத்தைச் சொல்லியிருக்கும்.

அன்றைக்கே ரத்தம், சிறுநீர் கொடுக்கச் சொல்வார்கள். ரத்த வகை, ஹீமோகுளோபின், தைராய்டு, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ் ஆகியவை வழக்கமான பட்டியல். ஹீமோகுளோபின் 11 க்குக் கீழே என்றால் சோகை. ஏழுக்கும் கீழே போனால் உடனே தீவிர சிகிச்சை தேவை. இரும்புச் சத்து மாத்திரையைக் காபி, டீ, பாலோடு விழுங்காதீர்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதே வேளையில் போடாதீர்கள், இரண்டுக்கும் நடுவில் சில மணி நேரமாவது இருக்கட்டும். உங்கள் ரத்த வகை நெகட்டிவ், கணவருக்குப் பாசிட்டிவ் என்றால் தாயின் உடல் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுக்க 28 ஆவது வாரத்தில் போடும் ஆன்ட்டி-டி ஊசி பற்றிக் கேளுங்கள். பிரசவத்துக்குப் பின், குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் மறுபடி போட வேண்டும். சிறுநீரில் எரிச்சல் இல்லாமலே கிருமி இருக்கக்கூடும். அது சிறுநீரகத் தொற்றுக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் வழிவிடும் என்பதால் சிறுநீர் கல்ச்சர் பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

ரத்த அழுத்தம்: இரண்டு நிமிட வேலை என்று நினைக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். செலவே இல்லாத, எந்தக் கிராமத்து நிலையத்திலும் செய்யக்கூடிய கணிப்பு இதுதான்.

ஆனால் பார்க்கும் முறையில் கோட்டைவிடுகிறோம். மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்த பெண்ணை முதுகுச் சாய்வில்லாத ஸ்டூலில் உட்காரவைத்து, புடவைத் தலைப்பை ஒதுக்கி, கையை அந்தரத்தில் நீட்டச் சொல்லி, செவிலியர் கேள்வி கேட்டுக்கொண்டே பட்டையை இறுக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது அவரைக் குறை சொல்லவும் மனம் வருவதில்லை. அப்படி எடுத்த எண்ணை நம்பவும் முடியாது.

நீங்கள் செய்யக்கூடியது இது. ஐந்து நிமிடமாவது முன்னால் வந்து உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், இரண்டு பாதமும் தரையில் ஊன்றியிருக்கட்டும், கால்மேல் கால் வேண்டாம். கை மேசைமேல், நெஞ்சின் மட்டத்தில் இருக்க வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் முதலில் போய்விட்டு வாருங்கள். பட்டை உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். பார்க்கும்போது பேசாதீர்கள். முதல்முறை இரண்டு கையிலும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்காதீர்கள்.

எண்ணை அட்டையில் எழுதி வாங்குங்கள். "நார்மல்" என்ற சொல் மட்டும் போதாது. பன்னிரண்டாம் வாரத்தில் 100/60 இருந்தவருக்கு முப்பதாம் வாரத்தில் 136/88 வந்தால், 140/90 என்ற எல்லைக்குள் இருந்தாலும் அது கவனிக்க வேண்டிய ஏற்றம். முதல் எண் இல்லாவிட்டால் அந்த ஏற்றம் யாருக்கும் தெரியாது.

என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கரும்

காலண்டரில் குறித்த நாள் வந்துவிட்டது. குழந்தை அப்போது உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரை 45 முதல் 84 மில்லிமீட்டர் இருக்கும், ஓர் எலுமிச்சம்பழ அளவு. அதன் பிடரிக்குப் பின்னால், தோலுக்கடியில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் தெரியும். அதன் தடிமனை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை அளப்பதுதான் என்.டி. அளவு. 3.5 மில்லிமீட்டருக்கு மேல் போனால் குரோமோசோம் கோளாறு, இதயக் கோளாறு இரண்டையும் தேட வேண்டும்.

இந்த அளவுக்கு நேரம் பிடிக்கும். குழந்தையின் பக்கவாட்டுத் தோற்றம் திரையில் தெரியும்படி, தலை குனியாமலும் நிமிராமலும் அது படுத்திருக்க வேண்டும். அக்காவின் இரண்டாம் கர்ப்பத்தில் நான்தான் கூடப் போனேன். குழந்தை கவிழ்ந்து படுத்துக்கொண்டு திரும்பவே இல்லை. "ஏதாவது சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்" என்றார் டாக்டர். வாசலில் இருந்த கடையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, மரநிழலில் இருபது நிமிடம் நடந்தோம். திரும்பிப் போனபோது பிள்ளை மல்லாந்து கிடந்தது. எனவே அரை நாள் விடுப்போடு போங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

அதே ஸ்கேனில் கர்ப்பப்பைக்குப் போகும் தமனிகளின் டாப்ளரையும் பார்க்க முடியுமா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். வாய்க்கால் அகலமாகிறதா, இன்னும் குறுகலாக இருக்கிறதா என்பதை ரத்த ஓட்டத்தின் எதிர்ப்பை அளந்து சொல்வது அதுதான். எல்லா இடத்திலும் தாமாகச் செய்வதில்லை.

டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையை ஸ்கேன் நாளிலேயே கொடுப்பது வசதி. குரோமோசோம் கோளாறின் அபாயத்தைக் கணிக்க அது பீட்டா எச்.சி.ஜி., பேப்-ஏ என்ற இரண்டு பொருட்களை அளக்கிறது. நஞ்சுக்கொடி சுரக்கும் பி.எல்.ஜி.எஃப். என்ற புரதத்தையும் சேர்த்து அளந்தால் ரத்த அழுத்த அபாயத்தின் கணிப்பு கூர்மையாகும். கூடுதல் செலவாகும், எல்லா ஆய்வகத்திலும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம், பின்னணித் தகவல்களும் ரத்த அழுத்தமும் டாப்ளரும் சேர்ந்தே பெரும்பகுதியைச் சொல்லிவிடும்.

ஆய்வகத்தில் தரும் படிவத்தை நீங்களே படித்துப் பாருங்கள். வயது, அன்றைய எடை, இரட்டைக் கருவா, சர்க்கரை உண்டா, செயற்கைக் கருத்தரிப்பா என்பதெல்லாம் கணினிக்குள் போகின்றன. எடையைத் தோராயமாகப் போட்டால் முடிவும் தோராயமாகத்தான் வரும். எடை இயந்திரத்தில் ஏறி நின்று, அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.

அறிக்கையில் வரும் விகிதத்தைப் படிப்பது

இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் அழுகை தொடங்குகிறது. "டவுன் சிண்ட்ரோம் அபாயம் 1:200, அதிகம்" என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கும். இதே விடை வந்த 200 பெண்களை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்தால், அவர்களில் ஒருவருடைய குழந்தைக்கு அந்தக் குரோமோசோம் கோளாறு இருக்கலாம், 199 பேருடைய குழந்தைக்கு இருக்காது என்பது அதன் பொருள். அந்த ஒருவர் யார் என்பதை இந்தப் பரிசோதனை சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள அடுத்த படி உண்டு. தாயின் ரத்தத்திலிருந்தே குழந்தையின் மரபணுத் துகள்களை ஆராயும் என்.ஐ.பி.டி. ஒரு வழி. அதுவும் சல்லடைதான், ஆனால் மிகச் சன்னமான சல்லடை. உறுதியாகச் சொல்வது நஞ்சுக்கொடித் துணுக்கையோ பனிக்குட நீரையோ எடுத்துச் செய்யும் சோதனை மட்டுமே. என்.ஐ.பி.டி. முடிவை மட்டும் வைத்துக் கர்ப்பத்தைக் கலைக்கும் முடிவுக்கு யாரும் போகக்கூடாது.

மறுபக்கமும் உண்டு. என்.டி.யும் டபுள் மார்க்கரும் சேர்ந்து டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்களில் பத்தில் ஒன்பதைத்தான் பிடிக்கும். "அபாயம் குறைவு" என்பதை "எதுவும் இல்லை" என்று படித்துவிடாதீர்கள்.

ரத்த அழுத்த அபாயம் என்று வந்தால்

இங்கே நம் கையில் மருந்து இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு பாடு. முந்திய கர்ப்பத்தில் அழுத்தம் ஏறியவர், ஏற்கெனவே ரத்த அழுத்தமோ சர்க்கரையோ சிறுநீரக நோயோ உள்ளவர், இரட்டைக் கரு சுமப்பவர் ஆகியோருக்கு அந்த ஒரு காரணமே மருந்து தொடங்கப் போதும். தலைச்சன், 35 வயதுக்கு மேல், அதிக உடல் எடை, தாய்க்கோ சகோதரிக்கோ வந்தது, பத்தாண்டு இடைவெளிக்குப் பின் கருவுற்றது ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தாலும் மருந்து தருவதைப் பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள்.

மருந்து, குறைந்த அளவு ஆஸ்பிரின். 2017 இல் வெளியான பெரிய ஐரோப்பிய ஆய்வு, அபாயம் அதிகம் என்று கணிக்கப்பட்ட ஏறத்தாழ 1,600 பெண்களை இரண்டாகப் பிரித்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 4.3 சதவீதம் பேருக்கு 37 வாரத்துக்கு முன்பே பிரசவிக்க வைக்கும் கடுமையான வகை ப்ரீ-எக்லாம்ப்சியா வந்தது. இரவுதோறும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் பெற்றவர்களில் அது 1.6 சதவீதம்தான்.

16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். வாய்க்கால் வெட்டும் வேலை முடிந்தபின் ஆள் அனுப்பிப் பயனில்லை. அளவையும் நிறுத்தும் நாளையும் மருத்துவர் சொல்ல வேண்டும், பொதுவாக 36 வாரம் வரை தருவார்கள். வயிற்றுப்புண், ரத்தக்கசிவு, ஆஸ்பிரினால் மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு ஆகாது. எனவே பக்கத்து வீட்டுப் பெண் போடுகிறாள் என்று நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மருத்துவர் கொடுத்துவிட்டால் இரவில் தவறாமல் போடுங்கள், நடுவில் "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள்.

உப்பைக் குறைப்பதால் இந்த நோய் வராமல் தடுக்க முடியாது. பெரியம்மாவின் அன்பில் குறையில்லை, வைத்தியம்தான் வேறு.

சர்க்கரைத் தண்ணீர்ப் பரிசோதனை

இதில் நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. கர்ப்பகாலச் சர்க்கரையைப் பட்டினி கிடக்காமல் ஒரே ரத்த மாதிரியில் கண்டுபிடிக்கும் முறை நாடு முழுவதும் பரவியதில் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் பங்கு பெரிது. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை.

மசக்கை உள்ளவர்களுக்கு அந்தத் தித்திப்பு குமட்டும். அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும், அதற்குப் பின் எடுத்தால் சோதனையைத் தொடரலாம். முதல் சந்திப்பில் ஒருமுறை, சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை. இரண்டாவதைத் தவறவிடுபவர்கள் பலர்.

ஐந்தாம் மாத ஸ்கேன்

18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன். அப்போது கர்ப்பப்பை வாயின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் குறைமாதப் பிரசவ அபாயம் அதிகம். புரோஜெஸ்டிரான் மருந்தும், சிலருக்குத் தையலும் அதைத் தள்ளிப்போட உதவும். தனியாரில் நிபுணரைப் பார்க்க வசதியில்லாதவர்கள், நான்காம் மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் 9 ஆம் தேதி அரசு நிலையங்களில் நடக்கும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மை முகாமுக்குப் போகலாம்.

எல்லாம் சரி என்று வந்த பிறகும்

கணிப்பு தப்பலாம். கடும் தலைவலி, கண்முன் மின்னல் போல் தெரிவது, பார்வை மங்குவது, முகமும் கையும் திடீரென வீங்குவது, சிறுநீர் குறைவது, குழந்தையின் அசைவு குறைவது, ரத்தம் படுவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போய் ரத்த அழுத்தம் பாருங்கள். விலா எலும்புக்குக் கீழே, வலது பக்கம் வரும் வலியை வாயு என்று நினைத்து ஓமவாட்டர் குடித்துவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. அது கல்லீரலின் கூக்குரலாக இருக்கலாம். 160/110 ஐத் தொட்டால் காலை வரை காத்திருக்காமல் 108 ஐ அழையுங்கள். பிரசவம் ஆன பின்னும் ஆறு வாரம் வரை இந்த அபாயம் முழுதாக விலகாது, எனவே தாய்வீட்டுக்குப் போகும்போதும் பி.பி. பார்க்கும் ஏற்பாடு வேண்டும்.

அக்காவுக்கு இரண்டாவது முறை பன்னிரண்டாம் வாரத்தில் எல்லாம் பார்த்தோம். அபாயம் அதிகம் என்று வந்தது, அன்றிரவே ஆஸ்பிரின் தொடங்கினார்கள். அது முழுக் கவசமாக அமையவில்லை. 38 ஆவது வாரத்தில் அழுத்தம் ஏறத்தான் செய்தது. ஆனால் அதற்குள் பிள்ளை 2,900 கிராம் வளர்ந்திருந்தான், பிறந்த அன்றே தாயின் மடியில் கிடந்தான். புது மோதிரத்தை அவள் ஐந்தாம் மாதமே கழற்றி, பரிசோதனை அட்டை இருந்த உறைக்குள் போட்டு வைத்திருந்தாள்.